டாஷ் கேமும் துணை பேட்டரியும்: பார்க்கிங் மோட் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

காரின் பேட்டரியை இறக்கிவிடாமல், வண்டி நின்றிருக்கும் நேரத்திலும் டாஷ் கேம் (காரின் கண்ணாடியில் பொருத்திச் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) பதிவு செய்ய வேண்டும் என்பதற்காகவே தனியாக ஒரு பேட்டரி பேக்கைப் பொருத்துகிறோம். இந்த அமைப்பில் கோளாறு வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் கேமராவைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து பேக்கைச் சந்தேகிக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டும் நன்றாகவே இருக்கும். எந்தக் கம்பிக்கு எந்த நேரத்தில் மின்சாரம் வருகிறது, வரும் வழியில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கும். ஆகவே வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்தப் பொருளையும் மாற்றாதீர்கள். நான் அப்படி ஒரு நல்ல பேக்கை மாற்றிப் பணத்தை இழந்திருக்கிறேன். அதைக் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேக்கின் உள்ளீட்டுக்கு இரண்டு கம்பிகள் போதும்: ஒன்று, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸிலிருந்து வரும் ஏசிசி கம்பி, மற்றொன்று, வண்டியின் உலோக உடலோடு சேரும் எர்த் கம்பி. பேக்கின் வெளியீட்டிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் போகிறது. கேமராவின் ஹார்ட்வயர் கிட் (கேமராவுக்கு நேரடியாக மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தொகுப்பு) மூன்று கம்பி கொண்டதாக இருந்தால், பெரும்பாலான கிட்களில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் வேண்டும் கம்பி, சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த். மஞ்சளும் கறுப்பும் பேக்கின் வெளியீட்டில் சேர வேண்டும்; சிவப்பு மட்டும் வண்டியின் ஏசிசி ஃபியூஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைக் கேமரா அந்தச் சிவப்புக் கம்பியைப் பார்த்துத்தான் அறிகிறது. சில பேக்குகள் இந்தச் சைகைக்கென்று தனிக் கம்பியைத் தாமே தருகின்றன. அப்படியிருந்தால் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

அடுத்து, எல்லாம் சரியாக இருக்கும் நாளிலேயே மூன்று அளவுகளை எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, பேக்கின் உள்ளீட்டு முனையில் பாருங்கள். வண்டியைப் பூட்டிச் சிறிது நேரம் கழித்து 0 வோல்ட் இருக்க வேண்டும். இக்னிஷனைப் போட்டு எஞ்சினை இயக்காமல் இருக்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது, அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பலத்தால் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரும். பின்னால் எந்த அறிகுறி தோன்றினாலும் இந்த மூன்று எண்களில் எது மாறியிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

துணை பேட்டரி போட்ட பிறகும் காரின் பேட்டரி இறங்குகிறது என்றால், பேக்கின் உள்ளீடு எப்போதும் உயிருடன் இருக்கும் ஃபியூஸில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் ஊகமாக இருக்க வேண்டும். என் வண்டியில் பொருத்தியவர் அப்படித்தான் இணைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாளும் இரண்டாம் நாளும் எந்தக் குறையும் தெரியவில்லை. வண்டியை எடுக்காமல் இருந்த ஒரு வார இறுதிக்குப் பிறகு, மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது.

ஏன் மூன்றாம் நாள் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் புரியும். பார்க்கிங் மோடில், அதாவது வண்டி நிற்கும்போது குறைந்த மின்சாரத்தில் பதிவு செய்யும் நிலையில், முன், பின் இரு கேமராக்களும் சேர்ந்து சுமார் 4 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பேக் நிரம்பிய பிறகும் அந்த 4 வாட்டைக் காரின் பேட்டரியே பேக் வழியாகத் தந்துகொண்டிருக்கும். இடையில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 0.4 ஆம்பியர், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி. சிறிய ஹேட்ச்பேக் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான். இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். சற்று வயதான பேட்டரி அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றாது.

சோதனை எளிது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். இன்றைய கார்களில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகள் உடனே உறங்குவதில்லை, சில கார்களில் கதவைத் திறக்கும்வரை அல்லது பத்து நிமிடம் வரை ஏசிசி மின்சாரம் வேண்டுமென்றே நீட்டித்து வைக்கப்படுகிறது. அதனால் அவசரப்பட்டு அளந்தால் நல்ல ஃபியூஸையும் தவறானது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அரை மணிக்குப் பிறகும் பேக்கின் உள்ளீட்டில் 12 வோல்ட் இருந்தால் இணைப்பை, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வேறொரு ஃபியூஸுக்கு மாற்ற வேண்டியதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருப்பவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாவி இல்லாதபோதும் மின்சாரம் தரும் சாக்கெட்டுகள் சில கார்களில் உண்டு.

உள்ளீட்டில் 0 வோல்ட் இருந்தும் பேட்டரி இறங்கினால், கேமராவின் மஞ்சள் கம்பி தவறுதலாகப் பேக்கில் சேராமல் காரின் ஃபியூஸ் பாக்ஸிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கோளாறு டாஷ் கேம் அமைப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். அதை உறுதிசெய்ய ஃபியூஸ்களைக் கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்துத் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் 0 காட்டும். ஓடும் ஃபியூஸில் சிறிய எண் ஒன்று தோன்றும். உறங்கும் காரில் மொத்த இழுவை 50 மில்லிஆம்பியருக்குள் இருப்பதே வழக்கம்.

வண்டி ஓடியும் பேக் நிரம்பவில்லை

இந்த அறிகுறிக்குத்தான் நான் நல்ல பேக்கை மாற்றினேன். ஒரு மணி நேரம் ஓட்டியும் பேக் பாதிகூட ஏறவில்லை. புதிய பேக்கிலும் அதே நிலைதான். உண்மையான காரணம், எர்த் கம்பியின் லக்கை (முனையிலுள்ள உலோக வளையத்தை) முறுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயிண்ட். கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிந்த அந்த இணைப்பில் உலோகமும் உலோகமும் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தன.

இத்தகைய பிழையைச் சும்மா இருக்கும்போது அளந்தால் பிடிக்க முடியாது. மின்சாரம் ஓடாதவரை மோசமான இணைப்பும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பேக் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், மீட்டரின் ஒரு முனையைக் காரின் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொரு முனையைப் பேக்கின் உள்ளீட்டு நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் மிக நல்லது, 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் பெயிண்டை நீக்கி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். என் வண்டியில் அந்த எண் 1 வோல்ட்டை நெருங்கியிருந்தது.

அதே சோதனையைப் பாசிட்டிவ் பக்கத்திலும் செய்யுங்கள். இங்கே கம்பியின் தடிமன் முக்கியமாகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மில்லிஓம் தடை தரும். போக வர நான்கு மீட்டர் கம்பியில் 9 ஆம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் கம்பியிலேயே போய்விடும்; 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு ஏறத்தாழ 0.25 வோல்ட்டுக்குக் குறையும். நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைத் தொடராக வைத்த பேக் முழுமையாக நிரம்ப 14.6 வோல்ட் வரை வேண்டும் என்பதால், வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் சுற்று இல்லாத பேக்குகளில் இந்தச் சிறு இழப்புகூடச் சார்ஜ் ஆகும் நேரத்தை நீட்டித்துவிடும். டிக்கியில் பேக்கை வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். முன் இருக்கைக்கு அடியில் வைத்தால் கம்பியின் நீளம் பாதியாகிறது.

இணைப்புகள் எல்லாம் சரி, ஆனாலும் சில நாள் ஏறுகிறது, சில நாள் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள். புதிய கார்கள் பலவற்றில், பேட்டரி போதிய அளவு நிரம்பியதும் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வெளியீடு குறைக்கப்படுகிறது. பிரேக் பிடிக்கும்போது மீண்டும் உயர்த்தப்படுகிறது. சீராக ஓடும் நேரத்தில் 12.5 வோல்ட் அளவுக்கு இறங்குவதும் உண்டு. உள்ளீட்டு வோல்ட்டேஜைப் பார்த்து 'எஞ்சின் ஓடுகிறது' என்று முடிவு செய்யும் பேக், அந்த நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணிச் சார்ஜை நிறுத்திவிடும். இதை நின்ற இடத்தில் கண்டுபிடிக்க முடியாது. வேறொருவர் வண்டியை ஓட்ட, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து இருபது நிமிடம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஓட்டுபவரே மீட்டரைப் பார்க்கும் ஆபத்தான வேலையை யாரும் செய்ய வேண்டாம். எண்கள் ஏறி இறங்கினால், பேக்கில் ஏசிசி சைகையை மட்டும் நம்பும் அமைப்பு உள்ளதா என்று கையேட்டில் பார்த்து அதற்கு மாற்றுங்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லாத பேக் உங்கள் காருக்கு ஏற்றதன்று.

மதிய வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஏறவில்லை, குளிர்சாதனம் ஓடி இருபது நிமிடம் கழித்துத் தானாக ஏறத் தொடங்குகிறது என்றால் அது கோளாறே இல்லை. வெப்பம் எல்லையைத் தாண்டியதால் பேக் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் இடத்தை மட்டும் மாற்றுங்கள்: வெயில் படும் டாஷ்போர்டிலோ பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டிலோ வைக்காமல், இருக்கைக்கு அடியில், காற்று போகும் இடைவெளியுடன் வையுங்கள். மலைப் பிரதேசங்களிலும் பனி விழும் நாடுகளிலும் இதற்கு நேரெதிரானது நடக்கும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் பேக் மறுக்கும்.

பேக் நிரம்பியது, ஆனால் விடியும் முன்பே கேமரா அணைந்துவிட்டது

முதலில் கணக்குச் சரியா என்று பாருங்கள். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி பேக்கில் இருப்பது 76.8 வாட்-மணி. 4 வாட் இழுக்கும் கேமராவுக்கு அது 19 மணி நேரம். வீணாவதைக் கழித்தால் 16, 17 மணி நேரம் வரும். ஆனால் அது முழுதாக நிரம்பிய பேக்கின் கணக்கு. அலுவலகத்துக்கு 20 நிமிடம் மட்டும் ஓட்டுபவர், 5 ஆம்பியரில் சார்ஜ் செய்தால், ஏறுவது ஏறத்தாழ 21 வாட்-மணிதான். கேமரா ஐந்து மணி நேரத்தில் நின்றுவிடும். 9 ஆம்பியரில் செய்தால் 38 வாட்-மணி ஏறும், ஒன்பது மணி நேரத்துக்குப் போதும். பெட்டியில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, தம் பயண நேரத்தைக் கணக்கில் எடுக்காதவர்களின் ஏமாற்றம் பெரும்பாலும் இதுவே. அவர்களுக்குப் புதிய பேக் உதவாது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் பார்க்கிங் மோட் அமைப்பு அல்லது வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம் உதவும்.

கணக்குப்படி மிச்சம் இருக்க வேண்டிய நேரத்திலேயே கேமரா அணைந்தால், கேமராவின் குறைந்த வோல்ட்டேஜ் வெட்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். 12.4 அல்லது 12.2 வோல்ட்டில் அணைந்துவிடு என்ற அந்தக் கட்டளை, காரின் ஈய-அமில பேட்டரியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. துணை பேட்டரிக்கு அது பொருந்தாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக் தன் சக்தியின் பெரும்பகுதியை 13 வோல்ட்டையொட்டியே தந்துவிட்டு, கடைசியில்தான் சடாரென்று இறங்கும். அதனால் அந்த வகையில் இழப்பு சற்றுக் குறைவு. மூன்று சாதாரண லித்தியம் அயன் செல்களைத் தொடராக வைத்த பேக்கோ முழுதாக நிரம்பியிருக்கும்போதே 12.6 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், வெட்டு 12.4 வோல்ட்டில் இருந்தால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். வெளியீட்டை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தித் தரும் பேக்கில் கேமரா பார்க்கிங் மோடுக்குள் நுழைந்ததுமே அணைந்துவிடும். செல்களைக் காக்கும் சுற்று பேக்குக்குள்ளேயே இருப்பதால், கேமராவின் வெட்டை முழுவதுமாக நிறுத்திவையுங்கள். நிறுத்தும் வசதி இல்லையென்றால் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்குங்கள்.

சரியாக 6 மணி நேரம் அல்லது 12 மணி நேரத்தில் ஒவ்வொரு நாளும் நின்றால், அது கேமராவின் நேரக் கட்டுப்பாடு. மாற்றிவிட்டுப் போகலாம்.

நிறுத்திய பிறகும் பார்க்கிங் மோடுக்குள் போகவில்லை

கேமரா முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டே இருந்து பேக்கைக் காலி செய்கிறது என்றால், மஞ்சளும் சிவப்பும் ஒரே இடத்தில் முறுக்கப்பட்டிருக்கின்றன என்பது ஏறக்குறைய உறுதி. பேக்கின் வெளியீடு எப்போதும் உயிருடன் இருப்பதால், சிவப்பும் அங்கே சேர்ந்தால் வண்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதாகவே கேமரா நினைக்கும். சிவப்பைப் பிரித்து ஏசிசி ஃபியூஸில் சேருங்கள். இரண்டு கம்பி மட்டும் உள்ள கேமராவானால், அசைவில்லாத சில நிமிடங்களுக்குப் பிறகு தானே மோட் மாறும் அமைப்பை இயக்க வேண்டும்; பரபரப்பான சாலையோரத்திலும் காற்றில் மரக்கிளை ஆடும் இடத்திலும் அது தடுமாறக்கூடும் என்பதால், வாய்ப்பிருந்தால் மூன்று கம்பி கிட்டையே வாங்கச் சொல்வேன்.

இதற்கு மாறாக, ஓடும்போதும் கேமரா பார்க்கிங் மோடிலேயே நின்றால் சிவப்புக் கம்பிக்கு மின்சாரம் வரவில்லை. ஃபியூஸ் டாப்பை (காரின் ஃபியூஸ் குழியில் செருகி, இன்னொரு ஃபியூஸோடு தனி இணைப்பு எடுக்கும் துண்டை) கழற்றி, கம்பியைக் கிரிம்ப் செய்த, அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்த, இடத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். பல நேரம் கம்பி கையோடு வந்துவிடும். எஞ்சினை இயக்கும் நொடியில் மட்டும் கேமரா ஒருமுறை மோட் மாறித் திரும்பினால் கவலைப்பட வேண்டாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பல கார்களில் ஏசிசி ஒரு கணம் துண்டிக்கப்படுவது இயல்பு.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸாகப் போட்டால் தீரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஃபியூஸ் காப்பது கம்பியை. 10 ஆம்பியருக்கான கம்பியில் 20 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் அடுத்து எரியப்போவது கம்பிதான்.

ஃபியூஸ் டாப் தலைகீழாகச் செருகப்பட்டிருப்பது அதிகம் கவனிக்கப்படாத காரணம். டாப்பின் இரண்டு கால்களில் ஒன்று இரு ஃபியூஸ்களுக்கும் பொதுவானது. அந்தக் கால்தான் மின்சாரம் வரும் பக்கத்தில் இறங்க வேண்டும். மாற்றிச் செருகினால், பேக் இழுக்கும் 9 ஆம்பியரும் காரின் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். அங்கே ஏற்கெனவே இருக்கும் சுமையோடு சேர்ந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் உருகிவிடும். எந்தக் கால் பொதுவானது என்பதை அறிய, இரு ஃபியூஸ்களையும் எடுத்துவிட்டு மீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். இரண்டு ஃபியூஸ் குழிகளிலும் ஒவ்வொரு பக்கத்தோடு ஒலிக்கும் கால் அதுவே. பிறகு இக்னிஷனைப் போட்டு, காரின் வெற்று ஃபியூஸ் குழியில் எந்தப் பக்கம் 12 வோல்ட் தருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் பொதுக் கால் வரும்படி செருகுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் மூடியில் 120 வாட் என்று எழுதியிருப்பதைப் பல கார்களில் காணலாம். 14 வோல்ட்டில் 9 ஆம்பியர் என்பது 126 வாட். அந்தச் சாக்கெட்டில் வேகச் சார்ஜை நிறுத்திவிட்டு, 5 ஆம்பியருக்கு மேல் போகாத மெதுவான நிலையிலேயே பயன்படுத்துங்கள். அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் கொதித்தால் உள்ளே தொடுமுனை தளர்ந்திருக்கிறது.

வானொலி இரைகிறது, பதிவு கிடைக்கவில்லை

கேமராவை இயக்கினால் எஃப்எம் இரைந்தால், மின்வோல்ட்டேஜைக் குறைக்கும் கிட்டின் சிறு பெட்டியையும் கேபிளையும் ஆன்டெனா கம்பியிலிருந்து நகர்த்தி, கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் கோப்புகள் இல்லையென்றால் மெமரி கார்டைப் பாருங்கள். தொடர்ந்து எழுதுவதற்கென்று தயாரித்த ஹை எண்டூரன்ஸ் வகைக் கார்டையே போட்டு, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது, அல்லது பேக் உப்பியிருக்கிறது

இந்த இரண்டில் மட்டும் நீங்களே சோதித்துப் பார்க்கக் கூடாது. முன் இருக்கைக்கு அடியில் பேக்கைத் தள்ளும்போது அங்கேயுள்ள மஞ்சள் நிற இணைப்பான் அசைந்தால் ஏர்பேக் விளக்கு எரியும். அதில் மீட்டர் முனையை வைக்காதீர்கள். சர்வீஸ் மையத்தில் காட்டுங்கள். அதேபோல் முன் தூண் வழியாகக் கேபிள் இறக்கியிருந்தால், அது கர்ட்டன் ஏர்பேக்கின் குறுக்கே போகாமல் பின்புறமாகப் போயிருக்கிறதா என்பதையும் அவர்களிடமே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேக்கின் உறை புடைத்திருந்தாலோ, ஓய்ந்திருக்கும்போதும் சுட்டாலோ, இனிய வாடை போல ஏதேனும் வந்தாலோ, முதலில் உள்ளீட்டுப் பிளக்கையும் பிறகு வெளியீட்டுப் பிளக்கையும் பிடுங்கி, பேக்கைக் காரிலிருந்து இறக்கி, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில், நிழலில், சிமென்ட் தரையின்மேல் வையுங்கள். அதைத் திறக்கவோ துளையிடவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ வேண்டாம். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். புதிய பேக் வரும்வரை மஞ்சள் கம்பியைக் காரின் நிரந்தர மின்சார ஃபியூஸிலும் கறுப்பை வண்டியின் உலோக உடலிலும் தற்காலிகமாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால், கேமராவில் முன்பு நிறுத்திவைத்த வோல்ட்டேஜ் வெட்டை மறக்காமல் 12.4 வோல்ட்டுக்குத் திரும்ப உயர்த்திவிடுங்கள்.